ஃபெஸ்டி பாறையில் அறுத்த பாசி

நாப்லாவை யாரும் நாப்லா கோனீலி என்று கூப்பிட்டதில்லை. எங்கள் கடற்கரையில் பாதிப் பேர் கோனீலிதான். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் வரிசையாகக் கதவுகள் திறக்கும். அவள் நாப்லா வின்னி டாம். டாமைக் கட்டிய வின்னியின் மகள் நாப்லா என்று அர்த்தம். டாம், நொண்டி மார்ட்டினின் இரண்டாவது பையன். அந்த மார்ட்டின் பெரும் பஞ்சத்தில் தாயின் முதுகில் தொங்கிக்கொண்டு தீவிலிருந்து இக்கரைக்கு வந்தவன். வின்னி மேட்டு வீட்டு லைடன் குடும்பத்துப் பெண். அந்த வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அழுகை சீக்கிரம் வரும், சிரிப்பு அதைவிடச் சீக்கிரம் வரும். வின்னிக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் நாப்லா. அவளுக்கு ஒன்றரை வயது இளையவன் ஃபெஸ்டி.

மனிதர்களுக்கே இப்படி என்றால் இடங்களைக் கேட்க வேண்டாம். மாடு முதுகு தேய்க்கிற கல்லுக்குக்கூட எங்கள் ஊரில் பேர் உண்டு. அரசாங்க வரைபடத்தில் இருக்கிற பேர்கள் எங்களுக்கு உதவாது. அவை அந்தக் காலத்தில் சங்கிலி பிடித்து அளக்க வந்த இங்கிலீஷ் சிப்பாய்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி எழுதிப்போனவை. எங்கள் கணக்கு வேறு. மேற்கே ஒற்றைக்கல் முனை. அதற்கடுத்து விதவையின் முழங்கை. பிறகு பாதிரியார் தொப்பி பறந்த இடம், கடல்நாய்ப் பாறை, உப்புக் கிண்ணம், கடைசியில் கிழக்கே அந்நியன் கரை. இதெல்லாம் அழகுக்கு வைத்த பேர்கள் அல்ல. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரை இன்னார் வீட்டுப் பாசி என்று பாட்டன் காலத்தில் பிரித்தது. பாசி இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு இல்லை, ஏனென்றால் எங்கள் மண் மண்ணே அல்ல, கல்லின் மேல் பூசிய மாவு. கடல்பாசியை அறுத்து வந்து பாத்தியில் போட்டு, அது அழுகித்தான் அங்கே மண் என்று ஒன்று உண்டாகும்.

டாம் வீட்டுப் பங்கு விதவையின் முழங்கையிலிருந்து கடல்நாய்ப் பாறை வரை. அந்தப் பாறையைச் சுற்றி வளர்கிற பாசிக்கு ஊரே பொறாமைப்படும். குதிரைப் பிடரி மயிர் மாதிரி தொங்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பாசியை நாப்லா நாற்பது வருஷத்துக்குக் கிட்டத் தொடவே இல்லை.

இங்கிலீஷ் பட்டாளம் எங்கள் நாட்டை விட்டுக் கிளம்பிப்போன மறு வருஷம் நடந்தது அது. டாம் செத்து நாளாகிவிட்டது. பாஸ்டனில் இருந்த மெக் அத்தை நாப்லாவுக்குக் கப்பல் டிக்கெட் அனுப்பியிருந்தாள். வீட்டு வழக்கம் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். பையன் நிலத்தோடு இருப்பான், பெண் அமெரிக்கா போவாள், போய் அடுத்தவளுக்கு டிக்கெட் அனுப்புவாள். போகிறவளுக்கு முதல் நாள் சாயங்காலம் ஊர் கூடும். ஆட்டம், பாட்டு, தேநீர், கொஞ்சம் சாராயம். பிறகு கிழவிகள் உட்கார்ந்து செத்தவளுக்கு வைக்கிற ஒப்பாரியையே உயிரோடு இருக்கிறவளுக்கு வைப்பார்கள். போனவள் திரும்ப மாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். வின்னி மாவு வாங்கிவிட்டாள், துருத்திப் பெட்டி வாசிக்கிறவனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். நாப்லா தன் பழைய உடுப்புகளைக் கொடுத்துவிட்டுப் புது மேலங்கியை ஆணியில் மாட்டி வைத்திருந்தாள்.

ஊர் கூட இருந்த அந்த நாள் காலையில் ஃபெஸ்டி, பொறியில் விழுந்த பெரிய இறால்களை எடுத்து வருகிறேன், இன்றைக்குக் கூட்டத்துக்கு ஆகும் என்று சொல்லிவிட்டுத் தார் பூசிய துணிப் படகில் போனான். மத்தியானத்துக்குள் பக்கத்து வீட்டு மார்க்கஸ் ஓடி வந்தான். படகு கடல்நாய்ப் பாறைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. தொப்பி பாறை இடுக்கில் சிக்கியிருக்கிறது. ஆள் இல்லை.

நாப்லாவை வழியனுப்ப வந்த ஊர் ஃபெஸ்டிக்காகத் துக்கம் காத்தது. அவளுக்காகச் சுட்ட ரொட்டியை அவனுக்காகத் தின்றார்கள். துருத்திப் பெட்டிக்காரன் பெட்டியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜெபமாலையை எடுத்தான். உடல் கிடைக்காததால் மேசையில் தொப்பியை வைத்து அதற்கு ஒப்பாரி வைத்தார்கள். மார்க்கஸ்தான் அன்றைக்கு முதலில் அந்த வார்த்தையைச் சொன்னவன். "இனிமே அது ஃபெஸ்டி பாறை" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவதற்குள் ஊர் வாயெல்லாம் அதே பேர். எங்கள் பக்கம் கடல் ஒருவனைக் கொண்டுபோனால் அந்த இடத்துக்கு அவன் பேர் வைப்பது வழக்கம். பேர் விழுந்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் சந்தேகம் கேட்பதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. செத்தவனுடைய ஞாயிற்றுக்கிழமை உடுப்பை உயிரோடிருக்கிற ஒருவன் மூன்று ஞாயிறு கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் அந்த உலகத்தில் செத்தவன் உடுப்பில்லாமல் நிற்க மாட்டான். ஃபெஸ்டியின் சட்டையும் கோட்டும் மார்க்கஸுக்குச் சரியாக இருந்தன. பூட்ஸைத் தேடினார்கள், இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டே கடலுக்குப் போயிருக்கிறான், அந்தப் பாரம்தான் அவனை இழுத்துக்கொண்டது என்று பெண்கள் அழுதார்கள். இறால் பொறி தூக்கப் போகிறவன் ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ் போடுவானா என்று ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. துக்கம் இருக்கிற வீட்டில் அந்த மாதிரிக் கேள்வி வராது.

நாப்லாவின் டிக்கெட் ஊரில் இருந்த இன்னொரு அத்தையின் மகள் சாராவுக்கு மாறிப்போனது. சாரா பாஸ்டனில் போய்ப் பொறுப்பான ஒருவனைக் கட்டி, மாடிப்படி வைத்த வீட்டில் நின்று கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் படம் எடுத்து அனுப்பினாள். நாப்லா தாயோடு தங்கினாள். வேறு வழியில்லை. நிலம் இருக்கிறது, மாடு இருக்கிறது, தாய் பாதி நாள் பாறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வின்னி அன்றிலிருந்து நண்டு தின்னவில்லை, இறால் தின்னவில்லை. அவை எதைத் தின்று வளர்ந்தனவோ என்பாள். தன் ரத்தம் போன இடத்தில் அரிவாள் வைக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். ஆகையால் பாறைப் பாசி அறுபடாமல் வளர்ந்து, புயலில் பிய்ந்து, யார் யார் கரையிலோ ஒதுங்கியது. நாப்லா அந்நியன் கரைக்குப் போனாள். அது யார் பங்கும் இல்லாத மட்டக் கரை, மணல் கலந்த பாசி. அங்கிருந்து ஊர் மேட்டைச் சுற்றிக் கழுதையோடு வர வேண்டும். கழுதை செத்த வருஷங்களில் முதுகுக் கூடை. அவளுடைய இடது தோள் வலதைவிட இறங்கிப்போனது அதனால்தான்.

மார்க்கஸ் இரண்டு தடவை தரகரை அனுப்பிப் பெண் கேட்டான். வின்னி அழுதாள். மகனையும் கொடுத்து மகளையும் கொடுக்கச் சொல்கிறார்களே என்று அழுதாள். நாப்லா வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். அவன் அப்புறம் யாரையும் கட்டவில்லை. வேலிச்சுவர் சரிந்தால் வந்து அடுக்குவான், அடுக்கும்போது வாய் சும்மா இருக்காது. "உன் சுவரும் உன்ன மாதிரிதான் நாப்லா, ஒருபக்கமாச் சாயுது" என்பான். "உன் வாய அடுக்கு மொதல்ல" என்பாள் இவள். இப்படியே தலை நரைத்தது. வின்னி போனாள். கல்லறைக் கல்லில் வின்னியின் பேருக்குக் கீழே, கடலில் போன மகன் ஃபெஸ்டி என்றும் வெட்டினார்கள்.

அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு கோடையில்தான் டீலியா வந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரைச் சேர்ந்த ரூவன் வீட்டுப் பெண். பாஸ்டனில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், லீவில் வந்திருந்தாள். தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். கடையில் விசாரித்தாளாம், இந்தக் கரையில் கல் கல்லாகப் பேர் சொல்லத் தெரிந்தவர் யார் என்று. நாப்லா வின்னி டாமைக் கேள் என்று கை காட்டியிருக்கிறார்கள். நாப்லா அப்போது அந்நியன் கரையிலிருந்து கழுதையை ஓட்டிக்கொண்டு பாதி வழி வந்திருந்தாள்.

டீலியா சொன்ன விஷயம் இதுதான். அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் ஒரு கிழவர் இருக்கிறார். டாம் கோனீலி என்று பேர். சொந்தம் என்று யாரும் வருவதில்லை. நெஞ்சுச் சளி. தூக்கம் வராதபோது ஜெபமாலை சொல்வதுபோல் இடங்களின் பேர்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார், மேற்கிலிருந்து கிழக்கே, தினமும் அதே வரிசையில். எந்த ஊர் என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார். அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பேச்சு வாகை வைத்து இந்தப் பக்கமாக இருக்கும் என்று நினைத்தாள். உண்மையிலேயே அப்படி இடங்கள் இருக்கின்றனவா, கிழவர் புலம்பலா என்று பார்க்க வந்தாள்.

"சொல்லு பொண்ணே, பாப்போம்" என்றாள் நாப்லா. கழுதைக்கும் கொஞ்சம் ஓய்வு.

டீலியா கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். ஒற்றைக்கல் முனை. நாப்லா கையை நீட்டிக் காட்டினாள். விதவையின் முழங்கை. அதோ. பாதிரியார் தொப்பி பறந்த இடம். நாப்லா சிரித்தாள். அந்தத் தொப்பியை எடுத்து வந்தது எங்கள் நொண்டித் தாத்தாதான், பாதிரியார் அதற்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்றாள். டீலியாவின் முகம் மலர்ந்துபோனது. கிழவர் பொய் சொல்லவில்லை.

"கடல்நாய்ப் பாறை" என்றாள் அடுத்து.

"அது பழைய பேரு தாயி. இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்ல. என் தம்பி அங்க போயிட்டான். அதுலேர்ந்து ஃபெஸ்டி பாறை."

டீலியா சங்கடப்பட்டு மன்னிப்புக் கேட்டாள். நாப்லா பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு மனதுக்குள் ஆள் தேட ஆரம்பித்தாள். பாறைக்குப் பேர் மாறுவதற்கு முன்னால் ஊரை விட்டுப் போனவன் யார்? நொண்டி மார்ட்டினின் தம்பி மகன் ஒரு டாம் உண்டு, ஆனால் அவன் மொன்டானாவில் சுரங்கத்தில் செத்தான். உப்புக் கிண்ணத்து வீட்டு டாம் போகும்போதே நாற்பது வயது. இன்றைக்கு இருந்தால் நூறு தொடும். சிவப்புத்தலை டாம் பாதிரியாராகப் போனான். விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். டீலியா மீதியையும் சொல்லி, அந்நியன் கரை வரை வந்து நின்றாள்.

"அப்புறம் ஒரு பேரு இருக்கு பெரியம்மா. அத வரிசையில சொல்ல மாட்டாரு, தண்ணி கேக்கும்போது மட்டும் சொல்லுவாரு. கொழாய்த் தண்ணி வேணாம், பூனையோட டீக்கோப்பையிலேர்ந்து கொண்டுவாம்பாரு. அது எங்க இருக்கு?"

நாப்லாவின் விரல் எண்ணிய இடத்திலேயே நின்றுவிட்டது.

விதவையின் முழங்கைக்குப் பின்னால் பாறையில் ஒரு பிளவு உண்டு. சின்னப் பிள்ளை மட்டும் ஊர்ந்து போக முடியும். உள்ளே கோப்பை மாதிரி ஒரு குழி, அதில் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர். ஒரு பூனை அதில் நக்கிக் குடிப்பதை அக்காவும் தம்பியும் பார்த்து அன்றைக்கு அந்தப் பேரை வைத்தார்கள். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தார்கள். சத்தியத்துக்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. தாய்க்குத் தெரிந்தால் வாளியைக் கொடுத்துத் தினமும் அங்கே அனுப்பிவிடுவாள். உலகத்தில் அந்தப் பேர் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி இங்கே கழுதைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

கயிறு கையிலிருந்து நழுவியது. கழுதை பாட்டுக்குத் தனியாக வீட்டைப் பார்த்து நடந்தது. நாப்லா அது போவதைப் பார்த்தாள், கூப்பிடத் தோன்றவில்லை. காதுக்குள் கடல் இரைந்தது, ஆனால் அன்றைக்குக் கடலில் அலை இல்லை. டீலியா ஏதோ கேட்டாள். வாய் அசைவது தெரிந்தது. கடைசியில் நாப்லா வாயைத் திறந்தபோது அவளுக்கே சம்பந்தமில்லாத கேள்வி ஒன்று வந்தது.

"அவனுக்குப் பல்லு இருக்கா?"

"இருக்கு பெரியம்மா. முன்பல்லு ஒண்ணு மட்டும் பாதி. சின்னதுல எங்கக்கா கல்ல விட்டு எறிஞ்சான்னு சொல்லிச் சிரிப்பாரு." சொல்லி முடித்த பிறகுதான் டீலியா நாப்லாவின் முகத்தைப் பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டு வழியோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

நாப்லா உட்காரவில்லை. நேராக நின்றாள், கோணல் தோளோடு எவ்வளவு நேராக நிற்க முடியுமோ அவ்வளவு. மெல்ல மெல்ல ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதலில் இங்கிலாந்தில் ரயில்பாதை போட்டாராம். அப்புறம் பாஸ்டன், துறைமுக வேலை, முப்பது வருஷத்துக்கு மேல். கல்யாணம் இல்லை. பாஸ்டனில்தான் சாரா இருக்கிறாள், மாடிப்படி வைத்த வீட்டில். ஒரு தடவைகூட அவள் வழியில் எதிர்ப்படவில்லையா? எதிர்ப்பட்டிருந்தால் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போயிருப்பான்.

டீலியா வெள்ளிக்கிழமை கிளம்புகிறாள். மலையைச் சுற்றி வருகிற பஸ் இந்தக் கரை வழியாகத்தான் போகும். கிழவரிடம் என்ன சொல்லட்டும் என்று கேட்டாள். நாப்லா கழுதையைத் தேடிக்கொண்டு போனாள்.

அந்த இரண்டு மூன்று நாட்கள் அவள் எப்படி இருந்தாள் என்று பின்னால் ஒருவரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்தாள். மாட்டைக் கறக்கப் போய் வாளி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்த் தாயின் கல்லில் இரண்டாவது வரியைப் பார்த்தாள். செத்தவன் மேல் வருத்தம் வைக்கத்தான் அவளுக்குப் பழக்கம். அதை உயிரோடு இருக்கிறவன் மேல் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அமெரிக்கா போனவனைக் கடிதம் போட்டுத் திரும்பக் கூப்பிடலாம், நிலம் காத்திருக்கிறது என்று பாதிரியாரை விட்டு எழுதச் சொல்லலாம். கடலில் போனவனை அப்படிக் கூப்பிட முடியாது. அதைத்தான் அவன் யோசித்திருக்கிறான். அவள் மேலங்கி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு ரொட்டி வெந்துகொண்டிருந்தபோது யோசித்திருக்கிறான். பூட்ஸை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

வியாழக்கிழமை மார்க்கஸ் சுவர் அடுக்க வந்தான். வழக்கமான கிண்டல் ஒன்றைச் சொன்னான். அவள் திருப்பித் திட்டவில்லை என்றதும் நிமிர்ந்து பார்த்தான்.

"மார்க்கஸ், அன்னிக்கு அந்தப் படகு. கவுந்து கெடந்தத நீதானே நிமித்துன. துடுப்பு எங்க கெடந்துச்சு?"

மார்க்கஸ் கையிலிருந்த கல்லைச் சுவரில் வைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. என்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"உள்ளயே கட்டி இருந்துச்சு" என்றான் ஒருவழியாக. "ரெண்டும்."

எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும். படகை ஓட்டிக்கொண்டிருந்தவன் கவிழ்ந்தால் துடுப்பு மிதந்து போய்விடும். துடுப்பைக் கட்டுவது கரை சேர்ந்த பிறகு. கரை சேர்ந்தவன் கட்டிவிட்டு, ஆளில்லாத படகைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டிருக்கிறான்.

"நீ பாத்த."

"பாத்தேன். என்ன பாத்தேன்னு எனக்கே நிச்சயமில்ல நாப்லா. வர்ற வழியில கயித்த அவுத்து ரெண்டு துடுப்பையும் தண்ணியில விட்டேன்."

"ஏன்?"

மார்க்கஸ் கல்லைப் பார்த்தான். "மறுநாள் நீ கப்பலேறப் போற. அவன் செத்தா நீ போக மாட்டன்னு தெரியும்."

அவள் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாறைக்குப் பேர் வைத்தவனுக்கே அந்தப் பேர் பொய் என்று தெரியும். ஃபெஸ்டியின் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று ஞாயிறு மண்டியிட்டிருக்கிறான், உயிரோடிருக்கிறவன் கோட்டை. இரண்டு ஆண்கள் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமல் அவள் ஆயுளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை அமாவாசையை ஒட்டி வந்தது. காலையில் கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. கரை முழுக்க அவரவர் பங்கில் ஊரே குனிந்து அறுத்துக்கொண்டிருந்தது. நாப்லா கழுதையோடு இறங்கி வந்தாள். அந்நியன் கரைப் பக்கம் திரும்புவாள் என்று எல்லாரும் பார்த்திருக்க, நேராகத் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு. ஃபெஸ்டி பாறையைப் பிடித்து நின்றாள். இடது கையால் ஒரு கொத்துப் பாசியை அள்ளி, வலது கையால் அரிவாளை வைத்தாள்.

கரையில் ஒவ்வொரு அரிவாளாக நின்றது. உப்புக் கிண்ணத்து வீட்டுக் கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். யாரோ ஒருத்தி அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, பாதிரியாரைக் கூப்பிடுங்கள் என்றாள். தம்பியின் கல்லறையில் புல் அறுக்கிறவளைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. அவள் அறுத்தாள். நாற்பது வருஷம் அரிவாள் படாத பாசி, தண்டு கைக் கட்டை விரல் பருமன், அரிவாள் வழுக்கியது. அறுத்து அறுத்துப் பாறையின் நிறம் தெரிந்தது, சாம்பல் நிறம். அந்த நிறத்தை அவளே மறந்திருந்தாள்.

மார்க்கஸ் தண்ணீர் விளிம்பு வரை வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பாமலே சொன்னாள்.

"சும்மா நிக்கிறதுக்குக் கூடையப் பிடி."

அவன் பூட்ஸோடு இறங்கிக் கூடையைப் பிடித்தான்.

பஸ் மேட்டில் திரும்பும்போது டிரைவரிடம் சொல்லி நிறுத்தி, டீலியா இறங்கி ஓடி வந்தாள். நாப்லா நனைந்த பாவாடையோடு கரைக்கு வந்தாள். ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது, ஆனால் அவள் சத்தம் உயர்த்தவில்லை.

"அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லு. கடல்நாய்ப் பாறைக்கு இப்ப ஃபெஸ்டி பாறைன்னு பேரு. வேற எதுவும் சொல்லாத."

"வேற ஒண்ணுமே வேணாமா பெரியம்மா?"

"அது போதும். அவன் இந்த ஊர்க்காரன், அவனுக்குப் புரியும்."

அந்தப் பாசியில் வளர்ந்த உருளைக்கிழங்கு அடுத்த வருஷம் பெரிதாக இருந்தது என்று சொல்வார்கள். அது இருக்கட்டும். அடுத்த கோடையில் டீலியா மறுபடி வந்தாள். நாப்லா அவளை உட்கார வைத்து, தேநீர் ஊற்றி, அதன் பிறகுதான் கேட்டாள்.

டீலியா பாறையின் பேரைச் சொன்னபோது கிழவர் முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லையாம். வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தாராம், இடி விழுந்தவர் மாதிரி. இத்தனை வருஷமும் இங்கே அந்தப் பாறை பழைய பேரோடு நிற்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். போனவனை நாலு மாதத்தில் மறந்திருப்பார்கள், அக்கா டிக்கெட்டோடு கப்பலேறியிருப்பாள் என்று நினைத்திருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டாராம்.

"அங்க பாசி யாரு அறுக்குறா?"

டீலியாவுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாது. தான் கிளம்பிய அன்றைக்குப் பார்த்ததைச் சொன்னாள். ஒரு அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுத்துக்கொண்டிருந்தார், ஒரு தோள் இறங்கின அம்மா.

"அப்ப அக்காவுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாராம். தோள் ஏன் இறங்கியது என்று கேட்டாராம். அவளுக்குத் தெரியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் இடங்களின் பேரைச் சொல்லவே இல்லை. பனி உருகுவதற்கு முன்னால் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்காரர்களே அடக்கம் செய்தார்கள்.

"அவன் துணிய யாராவது மூணு ஞாயிறு கோயிலுக்குப் போட்டுட்டுப் போனாங்களா?" என்று கேட்டாள் நாப்லா.

அங்கெல்லாம் அந்த வழக்கம் கிடையாது என்றாள் டீலியா. ஆனால் சும்மா வரவில்லை. பையிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கம்பளிக் கழுத்துத் துணியை எடுத்து மேசையில் வைத்தாள், முன்பு தொப்பி இருந்த அதே மேசையில். அவ்வளவுதான் மிச்சம் என்றாள்.

அந்த மூன்று ஞாயிறும் நாப்லா வின்னி டாம் ஆம்பிளைக் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு, வேனில் வெயிலில் வேர்க்க வேர்க்கக் கோயிலின் முன்வரிசையில் மண்டியிட்டாள். ஊர் பார்த்தது. பின்வரிசையில் மார்க்கஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாறையில் அரிவாள் வைத்தவளை என்னவென்று கேட்பது?

நாலாம் ஞாயிறு அவள் கழுத்து வெறுமையாக இருந்தது. பூசை முடிந்து திரும்பியவர்கள் அவள் உருளைக்கிழங்கு வயலைப் பார்த்தார்கள். காக்கை விரட்ட நட்ட பொம்மையின் கழுத்தில் அந்தச் சாம்பல் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.